மாலை போட்ட கிரைண்டர்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனபோது நான் முதலில் பார்த்தது, மேடையில் இருந்த கிரைண்டரை. அதன் கழுத்தில் மாலை போட்டிருந்தது. கிரைண்டருக்குக் கழுத்து கிடையாது என்பது எனக்குத் தெரியும். மாலை போட்டவர் அதற்கு ஒரு கழுத்தைக் கண்டுபிடித்திருந்தார். முன்பக்கம், ஸ்விட்சுக்கு மேலே, ஒரு குங்குமப் பொட்டும் இருந்தது.

புதுப் பொருளுக்குப் பொட்டு வைப்பது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டு மைக்கைச் சோதிக்கப் போய்விட்டேன். நான் பத்திரிகை நிருபர். ஒரு இடத்துக்குப் போனால் முதலில் கண்ணில் படுவதுதான் செய்தி என்று, புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு வகுப்பு எடுப்பவன். அன்றைக்கு என் கண்ணில் முதலில் பட்டதை நான் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரத்தில் அதுதான் தலைப்புச் செய்தி ஆனது.

கதையை மோட்டாரில் இருந்து தொடங்க வேண்டும். செஞ்சியில் என் மகள் யாழினி படிக்கும் பள்ளியில் போர் மோட்டார் எரிந்துபோய்விட்டது. குடிப்பதற்கு கேன் தண்ணீர் வாங்கி வைத்தார்கள். கழிப்பறைக்கு கேன் வாங்க முடியுமா? பெண் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்பதுதான் அந்த வழி. காலையில் என் மனைவி கஸ்தூரி நிரப்பிக் கொடுக்கும் பாட்டில், சாயங்காலம் அப்படியே நிறைந்து வீட்டுக்கு வந்தது.

"ஏன்டி குடிக்கல?"

"குடிச்சா போவணும்மா."

கஸ்தூரி பள்ளிப் பெற்றோர் குழுவின் தலைவி. (தேர்தல் எல்லாம் நடக்கவில்லை. முதல் கூட்டத்தில் மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள்.) அடுத்த கூட்டத்தில் எழுந்து, இந்தப் பருவம் முடிவதற்குள் மோட்டார் வந்துவிடும், அதற்கு நான் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள். நன்கொடை கேட்டு வீடு வீடாகப் போனதில் பாதி சேர்ந்தது. மீதிக்குப் பரிசுக் குலுக்கல் நடத்தலாம் என்று முடிவானது. அதே பள்ளியில் படித்து, இப்போது பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் கிரைண்டர், குக்கர், சில்வர் குடம் என்று மூன்று பரிசுகளைத் தந்தார்.

"சீட்டு வேலைய மட்டும் நீங்க பாத்துக்கோங்க. அதுல தப்பு வந்தா எல்லாம் போச்சு. நீங்கன்னா தப்பு வராது" என்றாள் கஸ்தூரி. அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும் என்னிடம் சொன்னதில்லை.

அச்சகம் வைத்திருக்கும் ஏழுமலையிடம் போனேன். அவர் பையனும் அதே பள்ளிதான்.

"நம்பர் போட்டுரட்டுமா சார்? மெஷின் சும்மாதான் கெடக்குது."

"நம்பரே வேண்டாம் ஏழுமலை. நம்பர் போட்டா லாட்டரி. லாட்டரிக்குத் தடை இருக்கு. பேர் எழுதினா அது அன்பளிப்பு."

"அப்டி ஒரு சட்டம் இருக்குதா சார்?"

"இருக்கு" என்றேன். அந்தச் சட்டத்தை அந்த நிமிடம், அந்த அச்சகத்தில், பேப்பர் கட்டின் மேல் சாய்ந்துகொண்டு நானே இயற்றினேன். எந்த வக்கீலையும் கேட்கவில்லை.

"பேப்பர்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஏழுமலை நம்பர் மெஷினை மறுபடி துணியால் மூடிவிட்டார்.

இப்படி உருவான சீட்டுக்கு இரண்டு பாதிகள். ஒரு பாதியில் வாங்குபவரின் பெயரும் ஊரும் எழுதி ஒரு முறுக்கு டின்னில் போட வேண்டும். மறுபாதி வாங்கியவர் கையில் இருக்கும். அதில் ராஜகிரிக் கோட்டைப் படமும், கீழே 'நன்றி' என்ற சொல்லும் அச்சாகியிருந்தன. அழகாக இருந்தது. எல்லாச் சீட்டிலும் ஒரே கோட்டை, ஒரே நன்றி. யாருடைய சீட்டு எது என்று சொல்லக்கூடிய ஒரு புள்ளிகூட அதில் கிடையாது.

சீட்டு விற்பனையை அமாவாசை அன்று வைத்தோம். நல்ல நாள். தவிர, அன்றைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைச் சீக்கிரமே கூட்டிப்போக வருவார்கள்; கேட்டிலேயே பிடித்துவிடலாம் என்பது என் திட்டம். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பெயரை யாரும் கிறுக்கிவிடக் கூடாது என்பதால் எல்லாச் சீட்டையும் நானே எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். (பள்ளியில் அதற்கு ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியிருக்கிறேன். கஸ்தூரி இதை இங்கே எழுத வேண்டாம் என்றாள்.)

முதலில் வந்தவர் பச்சையம்மாள். பேருந்து நிலையத்தில் பூ விற்பவர். அவர் பெண்ணும் யாழினியும் ஒரே வகுப்பு.

"யார் பேருக்கும்மா?"

"என் பேருக்கு வாணாம் சார். எனக்கு இன்னா ராசி இருக்குது? தண்ணி புடிக்க லைன்ல நின்னாக்கூட என் குடம் வரும்போதுதான் கொழா நின்னுபூடும். அம்மா பேருக்கு எழுதுங்க."

"உங்க அம்மா பேர் என்ன?"

பச்சையம்மாள் சாலைப் பக்கம் திரும்பினார். சாலையில் ஒரு சிறப்புப் பேருந்து, படிக்கட்டில் ஆள் தொங்க, மேல்மலையனூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"சனம் எல்லாம் யாரப் பாக்க ஓடுதோ, அந்த அம்மா சார்."

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது நட்சத்திரம் தெரியாதவர்களும், தெரிந்தும் சொல்ல விரும்பாதவர்களும் "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்று சொல்வது உண்டு. அதே பழக்கம்தான். சிரித்துக்கொண்டே எழுதினேன். பெயர்: அங்காளம்மன். ஊர்: மேல்மலையனூர்.

வரிசையில் அடுத்து நின்றவர் எட்டிப் பார்த்தார். "எனக்கும் அப்டியே போடுங்க" என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. லோடு வண்டி ஓட்டும் தணிகாசலம் இரண்டு சீட்டு கேட்டார்.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு அம்மாவுக்கு. எதுல வுழுந்தாலும் எங்கூட்டுக்குத்தான் வரும், இல்ல சார்?"

"கண்டிப்பா" என்றேன்.

இந்த இடத்தில் யாராவது ஒரு சாதாரண மனிதர் மேசையில் உட்கார்ந்திருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டு யோசித்திருப்பார். நான் நிருபர் ஆயிற்றே. மூன்றாம் பக்கத்துக்கு நல்ல பெட்டிச் செய்தி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். 'பரிசுக் குலுக்கலில் அம்மனும் பங்கேற்பு' என்று தலைப்புகூட மனதில் ஓடியது. அதோடு நிற்கவில்லை. அதே பெயரை எழுதி எழுதிக் கை வலித்ததால், கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு கட்டுச் சீட்டில் அம்மன் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கு உடனே கிழித்துக் கொடுத்தேன். வேகமாகப் போனது.

"எல்லாத்துலயும் பேர் எழுதிட்டீங்கல்ல?" என்று கஸ்தூரி இரவு கேட்டாள்.

"எல்லாத்துலயும் பேர் இருக்கு" என்றேன். உண்மை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிரைண்டருக்கு மாலை போட்டது பச்சையம்மாள்தான் என்று பிறகு தெரிந்தது. "வெறுங்கழுத்தா இருந்துச்சு, அதான்" என்றாராம். மைதானத்தில் பந்தல் போட்டுப் பெற்றோர்கள் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார்க் கடைக்காரரும் வந்திருந்தார். கஸ்தூரி அன்றைக்கே முன்பணம் தருவதாகச் சொல்லி வரவழைத்திருந்தாள். சீட்டுப் பணம் இருந்த கைப்பையை அவள் மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைமையாசிரியை முறுக்கு டின்னைக் குலுக்கிச் சீட்டு எடுத்துத் தருவார், நான் மைக்கில் படிப்பேன் என்று ஏற்பாடு.

மூன்றாம் பரிசு, சில்வர் குடம், நாட்டார்மங்கலத்தில் இருந்து வரும் ஒரு பையனின் அம்மாவுக்கு விழுந்தது. கைதட்டல். இரண்டாம் பரிசு, குக்கர், தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவருக்கு. கைதட்டல். எண் இல்லாமலே எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது பார்த்தீர்களா என்று ஏழுமலையை ஒரு பார்வை பார்த்தேன்.

முதல் பரிசுச் சீட்டைத் தலைமையாசிரியை பிரிக்காமல் கொடுத்தார். நான் பிரித்தேன். நல்ல கையெழுத்து. பயிற்சி பெற்ற குரல் என்பது ஒரு ஆபத்தான விஷயம்; மூளை நின்றுபோனாலும் அது நிற்காது.

"முதல் பரிசு, கிரைண்டர்... அங்காளம்மன், மேல்மலையனூர்."

பின்வரிசையில் யாரோ "தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்த கணம் பந்தலில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். எல்லார் கையிலும் ராஜகிரிக் கோட்டை. எல்லார் கையிலும் நன்றி.

"அது என் சீட்டு சார்."

"ஏய், அது என்னுதும்மா. நான்தான் ரெண்டாவது ஆளா வாங்கினேன்."

"மொதல்ல சாமி பேரச் சொன்னதே நானு" என்று பச்சையம்மாள் மேடைக்கு அருகில் வந்தார். "என்னப் பாத்துத்தான் இதுங்க எல்லாம் எழுதுச்சுங்க."

பாத்திரக்கடையில் இருந்து வந்திருந்த ஊழியர், வேலையில் கவனமானவர். மைக்கில் சொன்ன பெயரையும் ஊரையும் கேட்டு வாரண்டி கார்டில் எழுதி முடித்திருந்தார். "போன் நம்பர் சார்?" என்று அந்தக் கலவரத்திலும் என்னிடம் கேட்டார். நான் எதையோ யோசித்தபடி என் நம்பரைச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மைக்கைப் பிடித்தேன். "யாரும் பதற வேண்டாம். சீட்டில் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்தை வைத்து யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம்."

ஏழுமலை எழுந்து மேடைக்கு வந்து, என் காதருகில் மரியாதையாகச் சொன்னார்: "எல்லாத்தையும் நீங்கதான் எழுதினீங்க சார்."

மைக் ஆனில் இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் தலைமையாசிரியை, வேறு சீட்டு எடுத்துவிடலாம் என்று டின்னுக்குள் கையை விட்டார். எடுத்தார். கொடுத்தார். பிரித்தேன். இந்த முறை படிக்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தே முன்வரிசை படித்துவிட்டது.

"ரெண்டாவது வாட்டியும் அவதான்" என்றார் பச்சையம்மாள்.

டின்னில் மூன்றில் ஒரு பங்கு ஒரே பெயரில் இருந்தால் அது மறுபடி வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கணக்கு வாத்தியார் இதற்கு நிகழ்தகவு என்று பெயர் சொல்வார். பந்தலில் இருந்தவர்கள் வேறு பெயர் சொன்னார்கள். கிரைண்டர் கழுத்தில் மாலை விழுந்தபோதே தெரியும் என்றார்கள். மூன்றாம் முறை டின்னில் கைவிடத் தலைமையாசிரியை மறுத்துவிட்டார். "நான் தினமும் அந்த அம்மா கோயில் பக்கமா பஸ்ல வர்றவ சார்" என்றார்.

இங்கேதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. தணிகாசலம் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"இன்னாங்க இது? சாமி பேர்ல எழுதினா எனக்குத்தான் வரும்னு இந்த சார்தான் சொன்னாரு. இப்ப சாமிக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னா, காச குடுத்துருங்க. எல்லாருக்கும் குடுத்துருங்க."

"ஆமா, குடுத்துருங்க" என்று நாலைந்து குரல்கள். மேடைக்குக் கீழே ஒரு வரிசை உருவாக ஆரம்பித்தது. ரேஷன் கடையில்கூட நம் மக்கள் இவ்வளவு நேர்த்தியாக வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. மோட்டார்க் கடைக்காரர் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கஸ்தூரியைப் பார்த்தேன். அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். வரிசையைப் பார்த்தாள், மோட்டார்க் கடைக்காரரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. யாழினி தன் வகுப்புப் பெண்களோடு படிக்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரி எழுந்து வந்து என் கையில் இருந்த மைக்கை வாங்கினாள். வாங்கினாள் என்பது பத்திரிகை நாகரிகம்.

"எல்லாரும் ஒரு நிமிஷம். கிரைண்டர் யாருக்கு விழுந்துச்சு?"

"அம்மாவுக்கு" என்றது கூட்டம்.

"அதுல யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

இரண்டு முறை வந்த பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

"அப்ப சீட்டு சரியாத்தான் நடந்துச்சு. காசத் திருப்பிக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு வந்த பொருள கோயில்ல இன்னா பண்ணுவாங்க? பொடவைய இன்னா பண்றாங்க?"

"ஏலம் வுடுவாங்க" என்றார் பச்சையம்மாள்.

"அதத்தான் இங்கயும் பண்ணப்போறோம். அம்மாவுக்கு வந்தது, அம்மா பேர்ல ஏலம். வர்ற காசு பொண்ணுங்க தண்ணிக்கு. இது வாணாம்னு அம்மா சொல்லுவாளா?"

வரிசை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. தணிகாசலம் நாற்காலியில் இருந்து இறங்கினார். "நியாயம்தான்க்கா" என்றார்.

ஆனால் ஏலத்தைத் தொடங்க ஆள் இல்லை. சாமி பொருளைக் குறைந்த விலைக்குக் கேட்டால் பாவம். அதிக விலைக்குக் கேட்டால் வீட்டில் சண்டை. எல்லாரும் அண்ணாந்து பந்தல் துணியைப் பார்த்தார்கள். நடந்ததற்கெல்லாம் காரணமான நான், ஏலத்தையாவது சூடாக்கிக் கொடுப்போம் என்று கடை விலையைச் சத்தமாகச் சொன்னேன். சும்மா ஒரு தொடக்கத்துக்கு.

தணிகாசலம் அதற்கு மேல் நூறு கேட்டார். நான் இருநூறு ஏற்றினேன். அவர் ஏற்றினார். நான் ஏற்றினேன். கூட்டம் கைதட்டியது. விலை ஏற ஏற மோட்டார்க் கடைக்காரர் பையைத் தோளில் இருந்து இறக்கிக் கீழே வைத்ததைப் பார்த்தேன். கஸ்தூரியின் முகமும் இறுக்கம் தளர்ந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு ஐந்நூறு ஏற்றினேன். இதற்கு மேல் தணிகாசலம் ஏற்றுவார், அதோடு நான் விலகிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

"ஒரு தரம்" என்றாள் கஸ்தூரி.

தணிகாசலத்தைப் பார்த்தேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். போன் அடித்த மாதிரி தெரியவில்லை.

"ரெண்டு தரம்."

"தணிகாசலம்" என்று கூப்பிட்டேன்.

"சார், நீங்க எடுங்க சார். எழுதினவரு கைக்கே வரட்டும்."

"மூணு தரம்" என்றாள் என் மனைவி. அவள் அவ்வளவு வேகமாக எண்ணி நான் பார்த்ததில்லை.

கடையில் விற்கும் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு, வீட்டில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிரைண்டருக்குத் துணையாக, நான் இன்னொரு கிரைண்டர் வாங்கினேன். மாலையோடு. தணிகாசலமே தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். "அம்மா பொருளு சார்" என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மன் பெயரில் சீட்டு வாங்கிய எல்லாருக்கும் அந்தக் கிரைண்டரில் ஒரு பங்கு இருப்பதாக ஊரில் ஒரு கருத்து நிலவுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் பச்சையம்மாள் ஊறவைத்த அரிசியோடு வருகிறார். பின்னாலேயே வேறு யாராவது உளுந்தோடு. "இதுல அரச்சாத்தான் சார் இட்லி பூ மாதிரி வருது." கரண்ட் பில் என் பெயரில் வருகிறது. எங்கள் பழைய கிரைண்டரில்தான் நாங்கள் மாவு அரைத்துக்கொள்கிறோம்; புதியது ஓய்வாக இருப்பதில்லை. என் பெட்டிச் செய்தி வெளிவரவில்லை. நான் அனுப்பவே இல்லை.

வாரண்டி கார்டை யாரும் மாற்றவில்லை. அதனால் வருடத்துக்கு ஒரு முறை என் போனுக்கு, 'அன்புள்ள அங்காளம்மன் அவர்களுக்கு' என்று இலவச சர்வீஸ் செய்தி வரும். பிறகு சர்வீஸ் சென்டரில் இருந்து ஒரு பெண் கூப்பிடுவார். போனை முதலில் எடுப்பது யாழினிதான்.

"நைனா, போன். அங்காளம்மன் மேடத்துக்கு."

போன தடவை கூப்பிட்ட பெண் ரொம்பப் பொறுமையானவர். மேடம் இருக்கிறார்களா என்று கேட்டார். அவர் மேல்மலையனூரில் இருக்கிறார் என்றேன்.

"சரி சார். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அவங்களுக்கு நான் என்ன வேணுமா?" என்று திருப்பிக் கேட்டேன். உள்ளே இருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

"கிளார்க்குனு சொல்லுங்க."

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை யாழினி சொல்கிறாள். நான் மைக்கில் பேசிய இடத்தை என் குரலிலேயே செய்து காட்டுகிறாள். நன்றாகவே செய்கிறாள்.

மோட்டாரை அந்த வாரமே போர்க்குழாயில் இறக்கினார்கள். யாழினியின் தண்ணீர் பாட்டில் இப்போது சாயங்காலம் காலியாகத்தான் வீட்டுக்கு வருகிறது.